கூலாயில் காலியான நாற்காலி

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இனிப்பு நீர்தான் காரணம், அதாவது சர்க்கரை வியாதி. எங்கள் சொந்தத்தில் இனிப்பு நீர் இல்லாத ஒரு வீட்டைக் காட்டுபவருக்கு நான் தலைவாழை இலை போட்டு விருந்து வைக்கிறேன். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் சாய்வு நாற்காலியில் படுத்து, ரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வீடு கூலாயில் இருந்தது. அவருக்குக் கிடைத்த நாற்காலி குளுவாங்கில் இருந்தது.

மையத்தின் வேன் வழியில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டு போகும். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், நடுவில் அந்த நாலு மணி நேரம். அது முடிந்து வெளியே வருகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பிழிந்த துணி மாதிரி இருப்பார். அண்ணி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், விடிவதற்கு முன்பே எல்லைப் பாலத்தைக் கடந்துவிடுவார். பிள்ளைகள் கிடையாது. ஆகவே அண்ணன் தனியாகவே போய் வந்தார். செனாயில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஸ்டோர் வேலை. காலையில் கூலாயிலேயே டயாலிசிஸ் முடிந்துவிட்டால் பிற்பகலில் வேலைக்கு வரலாம் என்று அவருடைய சூப்பர்வைசர் நல்ல மனதோடு சொல்லியிருந்தார். குளுவாங் என்றால் அது நடக்காது. அண்ணனுக்கு வேண்டியிருந்ததெல்லாம் கூலாயில் ஒரு நாற்காலி.

மையங்களை நடத்துவது ஓர் அறநிறுவனம். கூலாய், குளுவாங், தங்காக், கோத்தா திங்கி என்று நான்கு ஊர்களில் மையம் வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் நாற்காலி காலியானால், தூரத்தில் இருந்து போய் வருபவர்களில் ஒருவரைக் காத்திருப்போர் பட்டியலில் பார்த்து அங்கே மாற்றுவார்கள். நாற்காலி எப்படிக் காலியாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் யாரும் குணமாகி வீட்டுக்குப் போவதில்லை.

இந்தப் பட்டியல் எல்லாம் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. காலை வணக்கப் பூப்படங்களுக்கும் முருகன் படங்களுக்கும் நடுவில் 'கூலாய் 4 காலி' என்று ஒரு வரி வரும். பார்த்தவர் பிழைத்தார். அண்ணன் பெயர் வரிசையில் இருந்தும் இரண்டு தடவை யாரும் கவனிக்காமல் போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் செனாயில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருபது வருடமாக நிரல் எழுதுகிறவள். ஊர் உலகத்துக் கிளினிக்குகளுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன், என் அண்ணன் ஒரு நாற்காலிக்குப் பூப்படங்களுக்கு இடையே வரிசையில் நிற்பதா என்று நேராக அந்த நிறுவனத்தின் நிர்வாகியைப் போய்ப் பார்த்தேன். நாங்கள் செய்து தருகிறோம் என்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அன்றைக்குத்தான்.

எங்கள் முதலாளியிடம் என் அண்ணன் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் தோளைக் குலுக்கி, "அப்படின்னா அந்த ரெக்கார்டை மட்டும் நீ தொடாதே லா" என்றார். தொட மாட்டேன் என்றேன். அந்த வாக்கை நான் கடைசிவரை காப்பாற்றினேன், ஒரே ஒரு தடவை தவிர.

நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது ஒன்றுதான், ஆனால் என் தொழிலில் அதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. ஒரே கல்யாணத்துக்கான அழைப்புப் பட்டியலை மாப்பிள்ளை வீட்டில் ஒரு பிரதி, பெண் வீட்டில் ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி வேலை செய்யும்வரை சிக்கல் இல்லை. தொலைபேசி அறுந்த நாளில் என்ன செய்வது? இரண்டு வழிதான் உண்டு. தொலைபேசி வரும்வரை யாரும் எதையும் எழுதக் கூடாது என்று கறாராக இருக்கலாம். அப்போது பட்டியல் தப்பாகாது, ஆனால் வேலை நின்றுபோகும். அல்லது அவரவர் எழுதிக்கொண்டே போகட்டும், தொடர்பு வந்தபின் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று விடலாம். அப்போது வேலை நிற்காது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு பட்டியலும் வேறு வேறாக இருக்கும். பதிலே இல்லாமல் இருப்பதா, தப்பான பதிலோடு இருப்பதா? மூன்றாவது வழி ஒன்று உண்டென்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விற்பவர்கள், அவ்வளவுதான்.

நிர்வாகியுடன் பேசியபோது அவர் யோசிக்கவே இல்லை. "கோத்தா திங்கி மையம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கும்மா. மழை பேஞ்சா லைன் போயிரும். லைன் இல்லன்னு மிஸ்ஸிங்க கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? எழுத விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மிஸ்ஸி என்றால் எங்கள் ஊரில் தாதி. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. நோயாளிகள் விஷயத்தில் வேலை நிற்பதுதான் பெரிய பாவம் என்று நினைத்தேன். ஆகவே நான்கு மையங்களும் தனித்தனியாக எழுதும், லைன் இருக்கும்போது ஒன்றோடு ஒன்று பேசி ஒத்துப்போகும் என்று முடிவு செய்தேன். ஒரே நாற்காலிக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால்? கடைசியாக எழுதியது நிற்கும். கரும்பலகையில் அப்படித்தானே, பின்னால் வந்து அழித்து எழுதுகிறவருக்குத்தானே விஷயம் கூடுதலாகத் தெரியும்? ஒவ்வொரு பதிவிலும் அது எழுதப்பட்ட நேரம் விழும். நேரத்தைப் பார்த்து, பிந்தியது வெல்லும். அந்த விதியை எழுத எனக்குப் பதினோரு வரி போதுமாக இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. மிஸ்ஸிகள் பாராட்டினார்கள். அண்ணன் பட்டியலில் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தார். "ஏழாவது, அஞ்சாவதுன்னு ஏதோ லாட்டரி மாதிரி இருக்கும்மா" என்பார். ஒரு வியாழக்கிழமை காலை கூலாயில் நாலாம் நாற்காலி காலியானது. அண்ணன்தான் முதல் ஆள். கூலாய் மிஸ்ஸி பத்து மணிக்கு அவர் பெயரைப் பதிவு செய்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமை மட்டும் குளுவாங் போய்விட்டு, திங்கட்கிழமையில் இருந்து இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். அண்ணன் எனக்கு அழைத்தார். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் வருடக் கணக்கில் கேட்டிருக்கவில்லை. சூப்பர்வைசருக்கும் சொல்லியாகிவிட்டது. குளுவாங்கில் அவர் விட்டுக்கொடுத்த நாற்காலி ஒரு மணி நேரத்துக்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் கூலாய் மையத்துக்குப் போனார். நாலாம் நாற்காலியில் ஒரு பெண் படுத்திருந்தார். ஊசி ஏற்றி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வேலையில் இருந்தவர் வேறு மிஸ்ஸி. அவர் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார். நாலாம் நாற்காலிக்கு நேரே அந்தப் பெண்ணின் பெயர் தெளிவாக இருந்தது. அண்ணன் பெயர் எங்குமே இல்லை. சனிக்கிழமை பணியில் இருந்தவரும் ஸ்கிரீனைப் பார்த்து அந்தப் பெண்ணைத்தான் அழைத்திருந்தார். யாரையும் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்த்ததைத்தானே செய்தார்கள்.

அன்று செய்ய வேண்டிய டயாலிசிஸ் நடக்கவில்லை. குளுவாங்கிலும் இடம் இல்லை. புதன்கிழமை அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சேர்த்தோம். நுரையீரலில் நீர் என்றார்கள். பிழைத்தார். பதினான்கு நாள் கழித்துக் குளுவாங்கில் மீண்டும் ஒரு நாற்காலி கிடைத்தது, அதுவும் செவ்வாய், வியாழன், சனி என்று. ஸ்டோர் வேலை அதோடு போய்விட்டது.

நான் பதிவுகளைக் கிளறினேன். அண்ணன் பெயர் வியாழன் பத்து மணிக்கு எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் கோத்தா திங்கியில் இருந்து பத்தேகாலுக்கு எழுதப்பட்டிருந்தது. பிந்தியது வென்றது, என் விதிப்படி. ஆனால் கோத்தா திங்கி மிஸ்ஸியோ பத்து மணிக்கு முன்பே எழுதிவிட்டேன் என்று சத்தியம் செய்தார். காரை எடுத்துக்கொண்டு நேரில் போனேன்.

அவர் ஐம்பதைத் தாண்டியவர், இருபத்தைந்து வருடம் மிஸ்ஸியாக இருந்தவர், எதையும் மறைக்கத் தெரியாதவர். "நான் சும்மா சோப் பண்ணி வச்சேன்மா" என்றார். சாப்பாட்டுக் கடையில் மேசை பிடிக்க ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு உணவு வாங்கப் போகிறோமே, அதற்குப் பெயர்தான் சோப். சிங்கப்பூரில் இருந்து வந்து எங்கள் ஊரிலும் ஒட்டிக்கொண்ட பழக்கம். கூலாயில் நாற்காலி காலி என்று பார்த்த மறு நிமிடமே இவர் தன் நோயாளியின் பெயரை அதில் போட்டுவைத்திருக்கிறார். முறையான ஆள் இருந்தால் கூலாய் மிஸ்ஸி அழித்து எழுதிக்கொள்வார் என்பது அவர் கணக்கு. அது நியாயமான கணக்கும்கூட. கூலாய் மிஸ்ஸி அப்படித்தான் பின்னால் எழுதவும் செய்தார். இடையில் மழை பெய்து கோத்தா திங்கியில் லைன் போயிருந்தது. பிற்பகலில் லைன் திரும்பியபோது இரண்டு பட்டியலும் சந்தித்தன.

அப்போதுதான் சுவரில் இருந்த கடிகாரத்தையும் அவர் கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த நேரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அந்த மையத்தில் உலகமே இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அது நான்தான்மா தள்ளி வச்சேன்" என்றார் மிஸ்ஸி, பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு. "வேன் டிரைவர் எப்பவும் லேட்டு. வாசல்ல வந்ததும் இந்த ஸ்கிரீனத்தான் பாப்பாரு. இப்ப டாண்ணு கிளம்பிடுறாரு. இந்தக் கம்ப்யூட்டர் வேற, நான் மாத்த மாத்த பழைய நேரத்துக்கே போயிட்டிருந்துச்சு. அதையும் ஆஃப் பண்ணிட்டேன்."

ஒன்பது ஐம்பது என்று விழ வேண்டியது ஒன்பது ஐம்பதாகவே விழுந்திருந்தால், பத்து மணிக்கு எழுதப்பட்ட என் அண்ணன் பெயர் நின்றிருக்கும். அது பத்தேகால் என்று விழுந்தது. எட்டு மாதமாகவே, சில நிமிட வித்தியாசத்தில் மோதிய பதிவுகளில் எல்லாம் கோத்தா திங்கி எழுதியதே மற்ற மூன்று மையங்களை வென்றுகொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் தோற்றுப்போன பெயர் சத்தம் போடாமல் மறைந்துவிடும். அப்படி மறையும்படி எழுதியவள் நான்.

ஆஸ்பத்திரியில் அண்ணன் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. கடிகாரம் முன்னால் ஓடியது என்று மட்டும் சொன்னேன்.

"எத்தன நிமிஷம்?" என்று கேட்டார்.

"இருபத்தஞ்சுண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, மூச்சு முட்டியது, ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "நம்ம வீட்லயே இருவது நிமிஷம் இல்லையாம்மா? மறந்துட்டியா?"

மறக்கவில்லை. யோசிக்கவில்லை, அது இன்னும் கேவலம். அப்பா சிங்கப்பூர் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர். தொழிலாளர் பஸ்ஸை விட்டால் பாலத்தில் ஜாம், பாலத்தில் மாட்டினால் அரைநாள் சம்பளம் போய்விடும். அதனால் எங்கள் வீட்டுக் கடிகாரம் என் பிறப்பில் இருந்தே இருபது நிமிடம் முன்னால்தான் ஓடியது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பத்து வீட்டுக்குப் பத்து நேரம். யாராவது மணி என்ன என்று கேட்டால், உங்க வீட்டு மணியா நிஜ மணியா என்று திருப்பிக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள்தான், இந்த மாநிலத்தில் நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரம் காட்டும் என்று நம்பிப் பதினோரு வரி எழுதினேன். படித்த படிப்பு பக்கத்து வீட்டை மறக்கடித்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அண்ணன் கேட்டார்: "அந்த மிஸ்ஸிய ஏசினாங்களா?"

"லெட்டர் குடுத்துட்டாங்க. எச்சரிக்கை."

"பின்னாடி எழுதினது ஜெயிக்கும்னு ரூல் போட்டது யாரு? நீதானே?"

நான் போர்வையைச் சரிசெய்தேன். அறிக்கை எழுதியதும் நான்தான். 'கோத்தா திங்கி மையத்தில் கணினி நேரம் தவறாக மாற்றப்பட்டிருந்தது' என்று அதில் எழுதியிருந்தேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்த மிஸ்ஸியின் இருபத்தைந்து வருடத்தில் விழுந்த ஒரே கறுப்புப் புள்ளி அந்த உண்மையான வாக்கியம்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மீது அருவருப்பாக இருக்கிறது.

அந்த நாற்காலியைத் திருப்பி வாங்கவும் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஊசி ஏற்றிய கையை யார் போய் இழுப்பது? அண்ணன், "வேணாம் விட்டுரு, அவங்களும் கோத்தா திங்கிக்கு இந்தப் பக்கத்துல இருந்து அலைஞ்சவங்கதானே" என்றார். அவர் மீண்டும் பட்டியலில் முதல் ஆளாக நின்றார்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று முறையையே மாற்றினேன். இந்தத் தடவை கறார் வழி. நான்கு மையங்களில் குறைந்தது மூன்று ஒப்புக்கொண்டால்தான் எந்தப் பதிவும் விழும். கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு நாற்காலிக்கு அதன் சொந்த மையம் மட்டுமே, அதுவும் ஆள் நேரில் வந்தபின், உறுதி செய்யலாம், சோப் பண்ணுகிற வேலையே கிடையாது. அழைக்கப்பட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உறுதி செய்யப்படாவிட்டால் அடுத்த பெயருக்குத் தானாகப் போகும், ஏனென்றால் தொலைபேசியை எடுக்காதவர்களால் நாற்காலிகள் வீணாகிக்கொண்டிருந்தன. யாரும் கையால் எதையும் மாற்றக் கூடாது. ஸ்கிரீனில் பெயர் இல்லாத எவரையும் நாற்காலியில் ஏற்றக் கூடாது. கடைசி இரண்டும் என் அறிக்கையில் நான் எழுதிய பரிந்துரைகள். நிர்வாகி அப்படியே உத்தரவாக்கினார். லைன் போனால் அந்த மையம் எழுத முடியாதே என்று நான் எச்சரிக்கவும் செய்தேன். "தப்பா எழுதுறதுக்கு எழுதாமலே இருக்கலாம்மா" என்றார், சூடு கண்ட பூனையாக. அவரேதான் முன்னே மிஸ்ஸிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது என்றவர்.

அடுத்த ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை கூலாயில் இரண்டாம் நாற்காலி காலியானது. இந்தத் தடவை யாரும் சாகவில்லை, ஒருவர் மகளோடு இருக்கக் கிள்ளான் போய்விட்டார். அண்ணன் அழைக்கப்பட்டார். அவர் போன தடவைப் பாடத்தில் குளுவாங் நாற்காலியை விடவில்லை, கூலாயில் படுத்த பிறகு விடுகிறேன் என்றார். அன்று பிற்பகல் நெடுஞ்சாலை ஓரம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். கூலாய் மையம் தனித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் குளுவாங் போகாமல் கூலாய் மையத்துக்குப் போனார். நானும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் நாற்காலி காலியாக இருந்தது. புது விரிப்பு போட்டிருந்தார்கள். இயந்திரம் தயார், மிஸ்ஸி தயார், அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயார்.

"எனக்கு என்னக்கா, இப்பவே உக்கார வச்சிருவேன்" என்றார் மிஸ்ஸி என்னிடம், அழாத குறையாக. "ஆனா ஸ்கிரீன்ல பேர் விழலையே. போன தடவைக்கு அப்புறம் ஆர்டர் போட்டுட்டாங்க. கோத்தா திங்கி மிஸ்ஸிக்கு ஆன மாதிரி எனக்கும் ஆச்சுன்னா?"

அவர் அழுத்திய ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன் 'பதிவு செய்ய முடியவில்லை' என்று சொல்லியது. அந்த வாசகமும் நான் எழுதியதுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன், "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்கிறது இதுதான் போல" என்றார். பூசாரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

என்னால் முடியாது என்று இல்லை. செனாய்க்குத் திரும்பியோ, என் கைத்தொலைபேசியிலேயோ, நிர்வாகச் சாவியான கடவுச்சொல்லைப் போட்டால், அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தை ஒரு வாரமாக நீட்ட எனக்கு இரண்டு நிமிடம் ஆகாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டுதான் நெய்க்கு அலைந்தேன். ஆனால் அது என் அண்ணனுடைய பதிவு. தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் மேல், ஒரு தடவை என் அறிவை நம்பி எல்லாம் கெட்டுப்போனபின், விதியை நம்புவதுதான் நேர்மை என்று எனக்குள் ஒரு வீம்பு வந்திருந்தது. புதன்கிழமை காலைக்குள் கேபிள் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். நிர்வாகிக்கு அழைத்தேன். "உங்க அண்ணன்னா நாங்க இன்னும் கவனமா இருக்கணும்மா" என்றார். சரிதானே. சரியாகத்தான் சொன்னார்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கெடு முடிந்தது. மற்ற மூன்று மையங்களும் ஒன்றையொன்று கேட்டு, மூன்றும் ஒத்துப்போய், இரண்டாம் நாற்காலியை அடுத்த பெயருக்குக் கொடுத்தன. புதன் மாலை கேபிள் சரியானது. கூலாய் கம்ப்யூட்டர் விழித்து, மூன்று பேர் சொன்னதை மரியாதையாக ஏற்றுக்கொண்டது. பதிவுகளை நான் வரி வரியாகப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்த நிரலை நான் எழுதியதில்லை.

முதல் தடவை நான் தப்பான பதிலைத் தேர்ந்தேன், இரண்டாம் தடவை பதிலே இல்லாததைத் தேர்ந்தேன். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் போய்க் கதவருகே உட்கார்ந்திருந்தார். பட்ட காலிலே படும் என்று சொல்லி ஆற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் கல்லை வைத்தவளுக்கு அந்தப் பழமொழி ஆகாது.

அதற்குப் பிறகு அண்ணன் குளுவாங் போவது குறைந்தது. ஒரு சனிக்கிழமை போகவில்லை. கேட்டால், "ஒரு நாள்தானே" என்றார். பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போகவில்லை. நான் கத்தினேன், அழுதேன், நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மூன்று தடவை கொண்டும் போனேன். நாலாவது தடவை அவர் கதவைத் திறக்கவில்லை. அண்ணி வேலையை விட்டுவிடுகிறேன் என்றபோது, வீட்டுக் கடன் யார் கட்டுவது என்று கேட்டு அவர் வாயையும் அடைத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு உப்பில்லாத சோறு, அளந்து வைத்த அரைக் குவளை தண்ணீர். அதைக் குடிக்காமல் உருட்டிக்கொண்டே, "அந்த லிஸ்ட்ல இருந்து என் பேர எடுத்துரும்மா" என்றார்.

"அண்ணே, நீங்க மொத ஆளு. அடுத்தது உங்களுக்குத்தான்."

"மொத ஆளா இருந்து ரெண்டு தடவ பாத்தாச்சு. நான் அங்க நிக்கிறதுனால பின்னாடி உள்ள ஆளுக்கு லேட்டாவுது. எடுத்துரு."

"நான் தொடக் கூடாதுண்ணே. மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க."

"சேக்கத்தானே தொடக் கூடாது. எடுக்கிறதுக்கு என்ன?"

கெடுவுக்கு விதி எழுதினேன், உறுதி செய்வதற்கு எழுதினேன், யார் யார் எதைத் தொடலாம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். தானே விலகிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொல்வார் என்று நினைத்து எதையும் எழுதவில்லை. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் நின்றார். நான் வேண்டாம் என்றேன், பிறகு பார்க்கலாம் என்றேன். அண்ணன் என் கைத்தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் கை அவ்வளவு மெலிந்திருந்தது. அதன் பிறகு அவர் ஐந்து வாரம்தான் இருந்தார்.

சாவியைப் போட்டேன், பெயரைத் தேடினேன், நீக்கு என்று அழுத்தினேன். வெளியே இடி இடித்துக்கொண்டிருந்தது. மழையில் ஏதாவது ஒரு லைன் போகட்டும், 'முடியவில்லை' என்று ஒரு தடவை சொல்லட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். கூலாய், குளுவாங், தங்காக், கோத்தா திங்கி நான்கும் ஒரு நொடிக்குள் ஒப்புக்கொண்டன.

"ஆச்சா?" என்றார் அண்ணன்.

"ஆச்சுண்ணே" என்றேன்.